உருளையின் அடியில் ஒட்டிய வட்டம்

எங்கள் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் அட்டை டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்ததுதான். ஆனால் இப்போது தலைமையாசிரியை முதல் மணி அடிப்பவர் வரைக்கும் எல்லோர் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் கணக்கு டீச்சர். நான் அதே பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் வகுப்புக்கும் என் நூலகத்துக்கும் நடுவே ஒரு மரத் தடுப்புதான். வீட்டில் அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு சுவர். ஆக, அவளிடமிருந்து தப்பிக்க எனக்கு வழியே கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு பெட்டி பெட்டியாகவே இருந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் செருப்புக் கடை வைத்திருக்கிறான். மற்ற வீடுகளில் கடையை அடைத்துவிட்டு வருகிறவர்கள் பழம், பலகாரம் என்று ஏதாவது வாங்கி வருவார்கள். இவன் காலிப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டித் தூக்கி வருவான். அதைப் பார்த்ததும் அண்ணிக்கு முகம் மலர்ந்துவிடும். வந்தவனுக்குத் தண்ணீர்கூட அப்புறம்தான். பெட்டியின் மூலையை நகத்தால் நெம்பி, ஒட்டியதைப் பிரித்து, தட்டையாக விரித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். எங்கள் கட்டில்களுக்கு அடியில் துடைப்பம் நுழைந்து எத்தனையோ காலமாகிறது. மருந்துப் பெட்டி, பற்பசைப் பெட்டி, பழைய காலண்டரின் முதுகு அட்டை, பக்கத்து வீட்டுக்கு வந்த ஃபிரிட்ஜின் அட்டை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒருமுறை என் தோழி எனக்கு அனுப்பிய பரிசை வெளியே எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் கொண்டுபோய்விட்டாள். உள்ளே என்ன இருந்தது என்று இன்று கேட்டாலும் அவளுக்குத் தெரியாது.

அந்த அட்டைகளெல்லாம் கனசதுரம், பட்டகம், கூம்பு, உருளை என்று மறுபிறவி எடுக்கும். ஒட்டுவதற்காக ஓரத்தில் விடும் மடிப்புக்குப் பிள்ளைகள் காது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "காதை வெட்டிடாதீங்க" என்று அவள் வகுப்பில் குரல் கொடுக்கும்போது, புதிதாக வந்த பெற்றோர் யாராவது வராந்தாவில் நின்றால் அரண்டு போவார்கள். காகித முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து வரிசையாக ஒட்டவைத்து, அவை நேர்கோடாக விழுவதைக் காட்டுவாள். வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, தலைகீழாகவும் நேராகவும் மாற்றி மாற்றி அடுக்கி, அதைச் செவ்வகமாக்கிவிடுவாள். அவள் கைவிரல்களில் காய்ந்த பசை எப்போதும் உரிந்துகொண்டேயிருக்கும். சாப்பிடும்போது அது தட்டில் விழுகிறது என்று எனக்கும் அவளுக்கும் நடக்காத சண்டை இல்லை.

இவள் பிறக்கும்போதே கத்தரிக்கோலோடு பிறந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவளும் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிப் போட்டு, மனப்பாடம் பண்ணுங்கள் என்று சொன்னவள்தான். ஒரு நாள் ஒரு குழந்தை எழுந்து, கூம்பு உள்ளே காலியாக இருக்குமா கெட்டியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறது. கூம்பின் கன அளவைப் போட்டுப் போட்டே பட்டம் வாங்கியவளுக்கு, அதற்கு உள்ளே ஒன்று உண்டு என்று தோன்றியதே இல்லையாம். அன்று சாயங்காலம் செருப்புப் பெட்டி ஒன்றை வெட்டி ஒரு கூம்பு செய்தாள். அது கோமாளித் தொப்பி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. "கண்ணு ஏமாத்தும், புத்தகத்துல அச்சுப் பிழை இருக்கும். கை பொய் சொல்லாது, தொட்டுப் பாருங்க" என்று அவள் சொல்வது தடுப்பு வழியாக என் காதில் விழாத நாள் இல்லை.

அவள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேருந்து ஓட்டுநரின் மகள். எந்தப் பாடமானாலும் "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று எழுந்துவிடுவாள் என்பதால் அவளுக்குச் சந்தேகம் என்றே பெயர். என் நூலகத்துக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டாள். புத்தகங்களை ஏன் உயர வரிசையில் அடுக்கவில்லை என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். எனக்கு எரிச்சலாக வரும். அண்ணிக்கோ அந்தப் பெண் என்றால் உயிர். வீட்டில் உட்கார்ந்து அட்டை வெட்டும்போது, சந்தேகம் இதற்கு என்ன கேட்பாள், அதற்கு என்ன கேட்பாள் என்று யோசித்து யோசித்துத்தான் வெட்டுவாள்.

அந்தப் பெண்ணிடம்தான் அண்ணி இப்படி நடந்துகொண்டாள். எனக்கு விஷயம் பிற்பாடுதான் தெரியும். ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கு ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. அட்டை டீச்சரின் வகுப்பைப் பார்க்க வேறு பள்ளிகளிலிருந்தும் கணக்கு ஆசிரியர்களைக் கூட்டி வருகிறார் என்றார்கள். தலைமையாசிரியைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூம்பும் உருளையும் பாடத்தை எடுப்பது என்று முடிவானது. ஒரே வாயகலமும் ஒரே உயரமும் உள்ள ஒரு கூம்பையும் ஓர் உருளையையும் எடுத்துக்கொண்டு, கூம்பில் மணலை நிரப்பி உருளையில் கொட்ட வேண்டும். மூன்று முறை கொட்டினால் உருளை விளிம்புவரை நிறையும். உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பு என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். அண்ணியிடம் இருந்த பழைய ஜோடி டம்ளர் அளவுதான். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்கப் போகும் விருந்தாளிகளுக்குத் தெரியாதே என்று, பூந்தொட்டி அளவில் புதிதாக ஒரு ஜோடி செய்தாள்.

முந்தைய நாள் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து மணல் கொட்டிப் பார்த்திருக்கிறாள். மூன்று கூம்பு கொட்டியும் உருளை நிறையவில்லை. விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் குறைந்தது. அளவில் தப்பு எதுவும் இல்லை. சின்ன உருவத்தில் கண்ணுக்குத் தெரியாதது பெரிதில் காட்டிக்கொடுத்துவிட்டது. மணலின் பாரத்தில் உருளையின் வயிறு கொஞ்சம் பிதுங்கும், கூம்பின் அட்டைக் கனம் உள்ளே கொஞ்சம் இடத்தைத் தின்னும். அட்டை என்றால் அப்படித்தான். இதையே மறுநாள் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் அதைவிட நல்ல பாடம் கிடையாது என்று எனக்கே தெரிகிறது, நான் கணக்கில் தேறியதே பெரிய பாடு. ஆனால் அன்றைக்கு அவள் கண் முன்னால் ஆய்வாளரும் கைதட்டலும்தான் நின்றிருக்க வேண்டும். செருப்புப் பெட்டி அட்டையில் உருளையின் அடிப்பாகத்துக்குச் சரியாக வட்டங்கள் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே இறக்கினாள். அதன்மேல் அதே காக்கித் தாளை ஒட்டினாள். எட்டிப் பார்த்தால் அடிப்பாகம் அடிப்பாகமாகவே தெரிந்தது. மறுபடியும் கொட்டினாள். இந்த முறை சொல்லிவைத்த மாதிரி விளிம்பில் வந்து நின்றது.

மறுநாள் வகுப்பு எப்படி நடந்தது என்பதைத் தடுப்பில் இருக்கும் சந்து வழியாக நானே பார்த்தேன். அண்ணி நடிகை மாதிரி இருந்தாள். மணலைக் கொட்டச் சந்தேகத்தையே கூப்பிட்டாள். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, கூம்பின் வாயை ஸ்கேலால் வழித்து வழித்துக் கொட்டினாள். மூன்றாவது கூம்பில் உருளை தளும்பாமல் நிறைந்தது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை காட்டச் சொன்னார். அதற்காக அந்தப் பெண் மணலைக் காலி செய்துவிட்டு, ஒட்டியிருந்ததைத் துடைக்க உருளைக்குள் கையை விட்டாள்.

கையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு விளிம்பு கையில் படும் இடத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, கையை வெளியே எடுத்து, உருளையின் வெளிப்பக்கமாக வைத்துப் பார்த்தாள். விரல் நுனி மேஜையைத் தொடவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம். உள்ள ஆழம் கம்மியா இருக்கு."

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம்.

"கையால அளக்குறதெல்லாம் கணக்கு ஆகாதும்மா. அளவுன்னா என்னன்னு மொதல்ல கத்துக்கிட்டு வா. போய் உக்காரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். விருந்தாளிகளும் பல்லைக் காட்டினார்கள். அந்தப் பெண் தன் கையைப் பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். மணலைக் கொட்ட வேறு ஒரு பையன் வந்தான். அன்றைக்கு மத்தியானமே அவளுக்கு முழங்கை என்று பெயர் மாறிவிட்டது. பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணியைப் பார்த்து, பாராட்டில் தலை கனத்துவிட்டது போல, அதனால்தான் பேச்சில்லை என்று நினைத்தேன். ஆய்வாளர் அந்த ஜோடியை வாயாரப் புகழ்ந்திருந்தார். தலைமையாசிரியை அதைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் அதே மாதிரி ஒரு ஜோடி செய்துவர வேண்டும், அதில் நல்லதாகப் பார்த்துக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்றும் சொல்லிவிட்டார். இத்தனை மரியாதை கிடைத்தவள் உற்சாகத்தில் கத்தரிக்கோலைத் தேடுவாள் என்று பார்த்தால், அண்ணன் கொண்டுவந்த பெட்டிகளைக் கட்டுப் பிரிக்காமல் மூலையில் போட்டாள். அடுத்த வாரம், இனிமேல் பெட்டி வேண்டாம், அங்கேயே பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடுங்கள் என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது போல இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

சாப்பாடு குறைந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ போய்விடுவாள். காய்ந்த பசை உரிவது நின்றுபோன விரல்களைப் பார்க்க எனக்கே என்னவோ போல் இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வட்டம் வெட்டியதை, தாள் ஒட்டியதை, அந்தப் பெண்ணை உட்கார வைத்ததை.

நான் எப்போதும் யோசித்துப் பேசுகிற ஜாதி இல்லை. ஒரு அட்டைத் துண்டுக்கா இத்தனை கூத்து என்று கேட்டுவிட்டேன். கூம்பு மூன்றில் ஒரு பங்கு என்பது உண்மைதானே, நீ என்ன அதை மூன்றரை ஆக்கிவிட்டாயா என்று அண்ணனும் கூடச் சேர்ந்துகொண்டான். அவன் அவளைத் தேற்றத்தான் நினைத்தான். ஆனால் கடைக்காரன் வாய், கடையைத் தாண்டி எங்கே போகும்?

"செருப்பு கொஞ்சம் பெருசா இருந்தா நாங்களும்தான் உள்ள ஒரு அட்டை வெச்சுக் கொடுக்கிறோம். போட்டுக்கிட்டு சந்தோஷமாத்தானே போறாங்க?"

"வெச்சிருக்கோம்னு சொல்லிட்டுத்தானே வைக்கிறீங்க? அட்டை இருக்கேன்னு கேக்குறவங்களை, உனக்குக் கால் சரியில்லன்னு சொல்றீங்களா?" என்றாள் அண்ணி.

அவள் சேலை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அட்டை வைத்ததுகூடத் தன்னைக் குடையவில்லை, அந்தப் பெண் எந்தப் பாடத்திலும் எழுந்திருப்பதே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றாள். அறிவியல் டீச்சரும் இதைச் சொல்லியிருக்கிறாள், இப்போது வகுப்பு எவ்வளவு நிம்மதியாகப் போகிறது தெரியுமா என்று சிரித்துக்கொண்டே. அண்ணி அந்த நிம்மதிக்குக் காரணம் நான்தான் என்று சொல்ல முடியாமல் தேநீரைக் குடித்து முடித்தாளாம்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் நூலகத்துக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். கொடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போனாள். நல்ல பிள்ளையாகிவிட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

அண்ணி ஒரு நாள் துணிந்து அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. பெண் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றதும், மேஜையில் கிடந்த வண்ணத்தாள் கட்டை எடுத்து, இந்தா வைத்துக்கொள் என்று கொடுத்தாளாம். அவள் வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டவள் இதற்குக் கேட்கவில்லையே என்று அண்ணி என்னிடம் சொல்லி அழுதாள். குற்றத்தையும் சொல்லவில்லை, அதற்கு மேல் லஞ்சம் வேறு கொடுத்துவிட்டேன் என்றாள். அது லஞ்சம்தான்.

பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளைகள் ஜோடி செய்துவரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அட்டை யார் கையிலும் அட்டைதான், வகுப்பில் பாதிப் பேருக்காவது மூன்று கூம்பு கொட்டியும் குறையத்தான் செய்யும். குறைகிறதே டீச்சர் என்று அவர்கள் முகம் வாடும்போது, எனக்கும் குறைந்தது, நான்தான் மறைத்தேன், முழங்கை சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. சொல்வதற்கு ஒரு வாசல் திறந்துவிட்டது என்று அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாகவே சாப்பிட்டாள்.

அந்த நாள் வந்தது. பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கொட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். முதல் பெஞ்சில் சரியாக நிறைந்தது. அடுத்ததிலும் நிறைந்தது. ஜன்னலோர வரிசையிலும் சுவரோர வரிசையிலும், கத்தரிக்கோலைப் பிடிக்கவே தெரியாத பையன் ஒருவன் கொண்டுவந்த, நிற்கும்போதே சாய்கிற உருளையிலும் சரியாக மூன்றே கூம்பில் நிறைந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. சிலர் கூம்பில் மணலைக் கோபுரமாகக் குவித்தார்கள். சிலர் உருளையைத் தட்டாமல் மெதுவாக ஊற்றினார்கள். சிலர் உருளையின் ஓரத்தை நறுக்கிச் சரிக்கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரும் வந்திருச்சு டீச்சர் என்று மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்து பார்த்தார்கள். என் வகுப்புக்கு நான் எதைச் சொல்லிக் கொடுத்தேன் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன் என்றாள் அண்ணி.

கடைசியாக அந்தப் பெண்ணின் பெஞ்சு. அங்கே போகும்போது ஒரு நம்பிக்கை இருந்ததாம். இவளுடையது குறையும், இவள் ஒருத்தியாவது இருப்பாள் என்று. அவள் வழித்து வழித்துக் கொட்டினாள். குவிக்கவில்லை. உருளை விளிம்புவரை நிறைந்தது. அண்ணி மணலைக் கவிழ்த்துவிட்டு உள்ளே கையை விட்டாள். அடிப்பாகம் மேலே வந்திருந்தது. அதற்கு மேல் அழகாகத் தாள் ஒட்டியிருந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி, நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கே தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எடுத்த எடுப்பில் கதவைச் சாத்தினார். சூத்திரம் சரி, பிள்ளைகள் சரியானதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஆய்வாளர் காதுக்குப் போனால் பள்ளிக்கூடத்தின் மானம்தான் போகும், கண்காட்சிக்கு எதையும் அனுப்பாமல் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார். கெட்ட மனுஷி இல்லை, அண்ணியின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையும் அதில் இருந்தது. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அலமாரிச் சாவியை மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வகுப்புக்குப் போகும் முன் என் நூலகத்துக்கு வந்தாள். ஒரு கையில் அந்த உருளை, இன்னொரு கையில் அட்டை வெட்டும் கத்தி.

"நீ வந்து வாசல்ல நில்லு. யாரும் இல்லன்னா நான் மறுபடியும் எதையாவது கொடுத்துட்டு வந்துடுவேன்."

போய் நின்றேன். அவள் உருளையை மேஜைமேல் வைத்து, பக்கவாட்டில் கத்தியை வைத்து மேலிருந்து கீழே கிழித்தாள். அடியிலிருந்த வட்டங்களைப் பெயர்த்து எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

"அன்னிக்கு இவ சொன்னது சரி. உள்ள ஆழம் கம்மிதான். கம்மி பண்ணினது நான். தெரிஞ்சே பண்ணிட்டு, தெரிஞ்சே இவளைத் தப்புன்னு சொல்லி உக்கார வெச்சேன். தப்பு என்னோடது."

பிறகு பின்னாலிருந்து ஒரு பையன், நான் குவித்துத்தான் அளந்தேன் டீச்சர் என்றான். அவனைப் பார்த்து இன்னொருத்தி, நான் ஓரத்தை நறுக்கினேன் என்றாள். அப்புறம் ஆளாளுக்கு எழுந்து நான் நீ என்று போட்டி போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஒரு விளையாட்டு மாதிரியே ஆகிவிட்டது. நானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணி அவள் பெஞ்சுக்குப் போனாள்.

"உன்னோடது?"

"மொதல்ல குறைஞ்சுது டீச்சர். திரும்பச் செஞ்சேன். அப்பவும் குறைஞ்சுது. என் கைதான் சரியில்லன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களோடது மாதிரியே செஞ்சுட்டேன்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். என்னை மன்னிச்சிடும்மா என்றாள் அண்ணி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. பரவாயில்ல டீச்சர் என்றாள் அவள், மரியாதையாக. நல்லவேளை, ஒரு வழியாக முடிந்தது என்று நான் நூலகத்துக்குத் திரும்பப் பார்த்தேன்.

அண்ணி விடவில்லை. அந்தப் பெண்ணின் உருளையிலிருந்து வட்டத்தை அவளையே பெயர்த்தெடுக்கச் சொன்னாள். மறுபடியும் மணலைக் கொட்டச் சொன்னாள். எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். நானும் உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். அவள் கூம்பின் வாயை வழித்து, சிந்தாமல், மூன்று முறை கொட்டினாள். விளிம்புக்குக் கீழே மணல் நின்றுவிட்டது. பின்னால் நின்ற எனக்கே குறை நன்றாகத் தெரிந்தது.

எவ்வளவு குறைகிறது என்று அளந்து சொல் என்றாள் அண்ணி. அவள் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. அந்தப் பெண் ஸ்கேலை எடுத்து மணல்மேல் நிறுத்தினாள். ஆனால் குனிந்து ஸ்கேலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவுன்னு சொல்லட்டும், டீச்சர்?"

அண்ணி அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.